அத்தான் தூக்கிய கை

லிஃப்ட் பழுது பார்ப்பது அத்தானின் தொழில். அடுக்குமாடிகளில் ஏறி இறங்கியே காலத்தை ஓட்டியவர். அவர் இந்த வீட்டை வாங்கியபோது இங்கே சரியான சாலைகூட இல்லை. இந்தப் பொட்டல்காட்டில் எப்படிக் குடித்தனம் பண்ணுவது என்று என் அக்கா மூக்கைச் சிந்தினாள். பிறகு பெரிய அலுவலகங்கள் வந்தன, பெரிய பள்ளிக்கூடம் வந்தது, விலை எகிறியது. இரண்டு அறை, ஒரு சமையலறை, மழைக்கு ஒழுகும் மாடிப்படி. அதற்குள் உட்கார்ந்தபடியே மனிதர் கோடீஸ்வரர் ஆகிவிட்டார். வேலையிடத்தில் அவருக்குப் பெயரே ‘கோடி’தான். "கோடி, அந்த ஸ்பானரை எடு" என்பார்கள்.

சும்மா சொல்லக்கூடாது, அந்த விலையால் நல்லதும் நடந்தது. அக்காவுக்கு இதயத்தில் ஆபரேஷன் என்றபோது வீட்டைக் காட்டியதும் வங்கி மறுபேச்சில்லாமல் கடன் கொடுத்தது. அவள் இன்று நடமாடுகிறாள் என்றால் அதுதான் காரணம். ஆனால் முடிவெட்டிக்கொள்ள அத்தான் பஸ் ஏறிப் போக வேண்டும். தெருவிலிருந்த சலூன்காரர் வாடகை கட்டுப்படியாகாமல் எப்போதோ போய்விட்டார்.

பெற்ற மகளுக்கும் அதே கதிதான். நர்ஸ் வேலை, கைக்குழந்தை, ஊருக்கு வெளியே வாடகை வீடு. ஞாயிற்றுக்கிழமை வந்தால், பேத்தி தாத்தாவிடம் அழாமல் வருவதற்குள் கிளம்பும் நேரம் ஆகிவிடும். மகள் பக்கத்திலேயே குடிவர வேண்டும், அத்தானுக்கு வேறு ஆசையே கிடையாது.

இப்படி இருக்கையில், தெருமுனைக் காலி மனையில் சின்னச் சின்ன ஃபிளாட்டுகள் வரப்போவதாகப் பேச்சு. குடியிருப்போர் சங்கம் கூட்டம் போட்டது. அத்தானோடு நானும் போனேன்.

"கண்டவங்களும் குடிவந்தா நம்ம வீட்டு விலை என்னாகும்?" என்று கேட்ட தலைவர், எதிர்ப்பவர்களைக் கை தூக்கச் சொன்னார். முதலில் எழுந்த கை அத்தானுடையது.

"உங்களுக்கு எதுக்கு அத்தான் இந்த வேலை?" என்றேன் வெளியே வந்ததும்.

"விலை இறங்கிட்டா என் பொண்ணுக்கு என்னடா மிஞ்சும்?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவரிடம் பேசிப் புண்ணியமில்லை என்று விட்டுவிட்டேன்.

சங்கத்தின் எதிர்ப்பால் திட்டம் நின்றுபோனது. விலை இன்னும் ஏறியதாகச் சொன்னார்கள். அத்தான் "அப்படியா" என்றார், அவ்வளவுதான்.

அடுத்த ஞாயிறு எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம்.

"அப்பா, உங்ககிட்ட சொல்லாம ஒண்ணு பண்ணியிருந்தேன்" என்றாள் மகள். "முனையில ஃபிளாட் வர்றதா இருந்துச்சுல்ல, அதுல ஒண்ணுக்கு நாங்க பேர் குடுத்திருந்தோம். லோன்கூட தர்றேன்னுட்டாங்க. சாவி கைக்கு வந்ததும் சொல்லலாம்னு இருந்தேன். இப்ப கட்டலையாம்."

அக்காவின் கை கரண்டியோடு அப்படியே நின்றது.

"ஏனாம்?" என்றார் அத்தான்.

"இங்க இருக்கிற பணக்காரங்க எல்லாம் சேர்ந்து தடுத்துட்டாங்களாம். நம்மள மாதிரி ஆளுங்க வந்தா அவங்களுக்கு ஆகாதாம்."

எனக்கு அவர்மேல் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. பரிதாபமும் வரவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட வாய் மாதிரி உள்ளே எல்லாம் மரத்துக் கிடந்தது. அத்தான் முகத்திலும் ஒன்றுமில்லை.

"நான்தாம்மா அது" என்றார்.

மகள் சிரித்துவிட்டாள். "ஆமா, நீங்க பெரிய பணக்காரர்! பேசாம சாப்பிடுங்கப்பா."

அத்தான் சாப்பிட்டார்.