மாசிபியா வாய் மூடிய நாள்

எடும்பெனி டாக்ஸி நிலையத்தில் சுட்ட சோளம் விற்கும் மாசிபியாவுக்கு வாய் ஓயவே ஓயாது. வண்டிக்காரன் வீட்டுச் சண்டை முதல் மேயரின் புதுக்கார் வரை எல்லாச் சங்கதியும் அவள் அடுப்பைத் தாண்டித்தான் ஊருக்குள் போகும். மகன் பெகிதெம்பா நேர் எதிர். கேட்டதற்குத் தலையை ஆட்டினாலே பெரிய விஷயம்.

சந்தைக்குப் பின்னால் இருந்த சாக்கடைக் குழியின் மூடி காணாமல் போய் வருடக்கணக்காயிற்று. நகராட்சியிடம் கேட்டால், கூட்டம் போட்டுத்தான் வாங்க முடியும் என்பார்கள். கூட்டம் போட்டால் நாற்காலி பறக்கும். இரண்டு கோஷ்டி, ஆளுக்கொரு மேயர். சம்பளம் வாங்குவதில் மட்டும் அப்படியொரு ஒற்றுமை. மழை கொட்டிய ஒரு சாயங்காலம் பெகிதெம்பா அந்தக் குழிக்குள் விழுந்தான். மறுநாள் சந்தைக்காரர்கள்தான் கயிறு போட்டு உடலைத் தூக்கினார்கள். குடித்துவிட்டு ஆற்றில் விழுந்த பையன் என்று நகராட்சி வாய் கூசாமல் சொன்னது.

உடலைப் புதைத்தாயிற்று. ஆவி மட்டும் உயிர் போன இடத்திலேயே நிற்கும். முள்மரக் கிளையோடு போய், பேர் சொல்லிக் கூப்பிட்டு, அந்தக் கிளையில் ஏற்றி வீட்டுக்கு அழைத்துவர வேண்டும், அதுதான் அந்த ஊர் வழக்கம். அதுவரை அந்தப் பக்கம் நாய்கூடப் போகவில்லை. பொழுது சாய்ந்தால் உள்ளே யாரோ இருமுவது கேட்கிறது என்று காய்கறிக்காரிகள் நேரத்தோடு கடை கட்டினார்கள்.

கிளை கையில் இருக்கும்வரை உயிரோடிருக்கும் யாரிடமும் பேசக் கூடாது, சைகையோடு சரி. ஒரு சொல் பேசினாலும் ஆவி உதறிக்கொண்டு போய்விடும், பிறகு கிடைக்காது. செத்தவனிடம் மட்டும் பேசலாம். மாசிபியாவுக்கு இதைவிடப் பெரிய தண்டனை இல்லை என்று டாக்ஸிக்காரர்கள் சொன்னார்கள், சிரிக்காமலேயே.

ஆவியை வரவேற்க ஆடு கட்டி, சோள பீர் புளித்து, உறவெல்லாம் வந்து காத்திருந்த அந்தக் காலையில்தானா மாகாண அதிகாரி வந்து தொலைய வேண்டும்? இந்த நகராட்சியைக் கலைத்துவிட்டு நீங்களே நடத்துங்கள் என்று ஊர்க்காரர்கள் அரசாங்கத்துக்கு எழுதாத மனு இல்லை. முன்னின்று எழுதியவள் ஓய்வுபெற்ற நர்ஸ் நொம்புசோ. அரசாங்கத்தில் எல்லாவற்றையும் கட்சிச் சண்டை என்று ஒதுக்கிவந்தார்கள். இப்போதுதான் குஸ்வாயோ என்ற அதிகாரி விசாரிக்க வந்திருந்தார்.

கிளையோடு மாசிபியா குழிக்கு வந்தபோது அவர் அங்கே நின்றார். பக்கத்தில் நகராட்சி மேலாளர் ங்கேமா. மகன் விழுந்தது இங்கேதானா என்று அதிகாரி கேட்டார். அவள் தலையை ஆட்டினாள்.

"தலையாட்டலெல்லாம் சாட்சியா சார்? வாயைத் திறந்து சொல்லட்டுமே," என்றான் ங்கேமா. அவனும் இந்த மண்ணில் பிறந்தவன்தான். கிளையைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னான், பாவி.

நொம்புசோ அவள் தோளைத் தொட்டாள். "ஒரே ஒரு வார்த்தைடி. இவர் கிளம்பிட்டார்னா அப்புறம் யாரும் வர மாட்டாங்க."

ஊரா, மகனா? மாசிபியா யாரையும் பார்க்காமல் குழியோரம் மண்டியிட்டு, கிளையின் நுனியை உள்ளே நீட்டினாள்.

"பெகி, அம்மா வந்திருக்கேன்பா. நீ விழுந்த குழி இதுதான். மூடி போடச் சொல்லி நாம எத்தனை தடவை ஆபீசுக்கு நடந்தோம்! நீ விழுந்த ராத்திரி சந்தைக்காரங்க போன் போட்டுப் போட்டுப் பார்த்தாங்க, ஒருத்தன் எடுக்கல. நீ குடிக்கவும் இல்ல, ஆத்துப் பக்கம் போகவும் இல்ல. போதும்பா, எந்திரி. வீட்டுக்குப் போகலாம்."

குஸ்வாயோ தொப்பியைக் கழற்றினார். அதற்குமேல் அவர் எதுவும் கேட்கவில்லை.

கிளை கனத்தது. ஆவி வந்தால் கனக்கத்தான் செய்யும். ஆனால் நிற்காமல் கனத்துக்கொண்டே போனது. இரண்டு கையாலும் பிடித்தாள், முட்கள் உள்ளங்கையில் இறங்கின. காதைக் குழிப்பக்கம் சாய்த்தாள்.

"உன் கையைப் பிடிச்சிட்டிருக்கிறது யாரு பெகி? ... சின்னப் புள்ளையா?"

தொலைந்த பிள்ளை என்று அந்த ஊரில் யாரும் யாரையும் தேடியதில்லை.

"அதையும் கூட்டிட்டு வா. பயப்படாதேன்னு சொல்லு."

ங்கேமாவின் முகம் வெளுத்துப்போனது. குழியை அடிவரை இறைக்காமல் ஒருவரும் நகரக் கூடாது என்றார் குஸ்வாயோ. நகராட்சியில் மோட்டார் ஓடவில்லை என்று இழுத்தான் ங்கேமா. மாகாணத்து மோட்டார் வரும், இனி எல்லாமே அங்கிருந்துதான் வரும் என்று சொல்லிவிட்டு அவர் போனை எடுத்தார்.

மாசிபியா நிற்கவில்லை. ஆவியோடு வழியில் நிற்கக் கூடாது. கிளையை இடுப்பில் அணைத்து, தள்ளாடித் தள்ளாடி டாக்ஸி வேனுக்கு வந்தாள். ஆவிக்கும் ஓர் இடம், ஒரு கட்டணம் என்ற வழக்கம் தெரிந்த ஓட்டுநர், இரண்டு பேரா என்று இரண்டு விரலைக் காட்டினான். அவள் மூன்று காட்டினாள். அவன் அவளையும் கிளையையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு பின்வரிசையில் இருந்தவர்களை மெதுவாக எழுப்பி முன்னால் அனுப்பினான்.

வண்டி நகர்ந்ததும் அவள் காலியிடத்தைப் பார்த்துச் சொன்னாள்.

"சின்னதை ஜன்னலோரமா உட்கார வை பெகி. வெளிச்சம் பார்த்து எவ்வளவு நாளாச்சோ."