கணவாய் மூடப்பட்ட நாள்

கண்டி நகரத்தில் ஒரு துணிக்கடைக்கு மேல்மாடியில் இருக்கிறது எங்கள் அலுவலகம். கனடாவில் சரக்கு லொறிகள் ஓட்டும் ஒரு கம்பனிக்காக இங்கிருந்து வேலை செய்கிறோம். அந்த நாட்டின் மேற்கு மலைகளைக் கடக்கும் சாரதிகளுக்கு வானிலை பார்த்துச் சொல்வது என் பொறுப்பு. நமக்குக் காலை என்றால் அவர்களுக்கு இரவு. வீடு இருக்கும் மஹய்யாவயிலிருந்து நடந்து வந்து ஹெட்செட்டை மாட்டிவிட்டால், கதிரையை விட்டு எழும்பக்கூட மேலாளரிடம் கேட்க வேண்டும். ஜன்னல்களெல்லாம் திறக்க முடியாத கண்ணாடி. ஏசி குளிருக்கு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, ஒருநாளும் கண்ணால் காணாத பனிப்பொழிவைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பேன்.

மார்ச் மாதம்தான் மோசம். குளிர் முடிந்ததா இல்லையா என்று அந்த மலைக்கே தெரியாது. அடிவாரத்தில் வெயில், பாதி மலையில் மழை, உச்சிக் கணவாயில் பனிப்புயல். இது எனக்கு விளங்காத விஷயமல்ல. கண்டியில் வெயிலுக்குள் பஸ் ஏறி, கம்பளையில் நனைந்துகொண்டு இறங்குகிறவர்கள்தானே நாங்கள். ஆனால் விளங்குவது வேறு, முன்கூட்டிச் சொல்வது வேறு. ஈரக்காற்று மலையில் மோதி மேலே ஏறினால் குளிர்ந்து கொட்டிவிடும். கொஞ்சம் விலகிப் போனால் ஒன்றுமில்லை. மோதுமா விலகுமா என்பதில் ஒரு கணிப்பு ஒன்று சொல்லும், மற்றது வேறு சொல்லும்.

அன்று காலை எடுத்த முதல் அழைப்பு ஒரு யாழ்ப்பாணத்து அண்ணனுடையது. நெடுநாளாக அந்தப் பாதையில் ஓடுபவர். என் தமிழைக் கேட்டதிலிருந்து என்னிடம் இங்கிலீஷ் பேசுவதை விட்டுவிட்டார்.

"சொல்லுங்கோ தங்கச்சி, மேல ஏறலாமோ?"

"ரெண்டு மாதிரியும் காட்டுதுண்ணே. கீழயே நின்னுட்டா நல்லது."

"நிண்டா லோட் நேரத்துக்குப் போய்ச் சேராது. ஏறிப் பாப்பம்."

அவர் பாதி தூரம் ஏறியிருப்பார், காற்று திரும்பிவிட்டது. கணவாய்ப் பாதையில் பொருத்தியிருக்கும் கமராக்கள் என் திரையில் தெரியும். முதலில் தார் ரோட்டில் வெள்ளைக் கோடுகள் விழுந்தன. பிறகு ரோட்டோரக் கம்பங்கள் மறைந்தன. கடைசியில் கமராவின் கண்ணாடியையே பனி மூடி, படம் முழுவதும் வெறும் வெள்ளையானது. முன்னால் ஓர் இடத்தில் பனிச்சரிவு விழுந்து பாதையை அடைத்துவிட்டது என்று செய்தி வந்தது. பின்னால் அடிவாரத்தில் பாதையை மறிக்கும் கேட்டையும் மூடிவிட்டார்கள். அவரோடு இன்னும் பல வண்டிகள் நடுவில் மாட்டிக்கொண்டன.

"எப்ப திறப்பினம் தங்கச்சி?" அவருடைய குரல் சுருங்கிவிட்டிருந்தது.

மேலாளர் என் தோளுக்குப் பின்னால் வந்து நின்றார். "சீக்கிரம் திறக்கும் என்று சொல்லு. பயந்துபோய் வண்டியை விட்டு இறங்கி நடந்துவிடுவான்," என்று சிங்களத்தில் மெதுவாகச் சொன்னார். கெட்ட மனிதரல்ல. அப்படி இறங்கி நடந்த ஒருவரை அவருக்குத் தெரியும்.

என்னால் அப்படிச் சொல்ல முடியவில்லை. எந்தக் கணிப்பைப் பார்த்தாலும் விடியும்வரை பனி நிற்காது.

"விடியுற வரைக்கும் திறக்க மாட்டாங்கண்ணே. எஞ்சினை விட்டு விட்டுத்தான் போடுங்க. பொகை போற குழாயை ஸ்நோ மூடிருச்சுன்னா நஞ்சு உள்ள வந்துரும். அப்பப்ப எறங்கிப் பார்த்துக்கங்க. ஆனா வண்டியை விட்டுத் தூரமா மட்டும் போயிராதீங்க."

"விடியுமட்டுமோ? உங்களுக்கென்ன, கதிரையில இருந்து சொல்லுவியள்!" என்று கத்திவிட்டு வைத்துவிட்டார்.

அதன்பின் அவர் எடுக்கவில்லை. நான் அழைக்க அழைக்க மணி அடித்துக்கொண்டே இருந்தது. மற்றச் சாரதிகளுக்குப் பதில் சொல்லிக்கொண்டே, இடையிடையே அவருடைய எண்ணை அழுத்தினேன். எஞ்சினைப் போட்டபடி தூங்கிவிட்டாரோ என்ற நினைப்பு என்னை விடவில்லை. மேலாளர் அங்குள்ள பொலிசுக்கே பேசினார். பனி தள்ளும் இயந்திரம் ஏறும்வரை யாரும் மேலே போக முடியாது என்றார்கள். நான் கொண்டுபோயிருந்த சோற்றுப் பார்சலைப் பிரிக்கவே இல்லை.

என் நேரம் முடிந்தது. எனக்குப் பதிலாக வந்து உட்கார வேண்டிய பிள்ளை கம்பளையிலிருந்து வருபவள். வழியில் மரம் விழுந்து பஸ் நிற்கிறது என்று அழைத்தாள். அப்போதுதான் ஜன்னலைப் பார்த்தேன். வெளியே இடியோடு மழை கொட்டிக்கொண்டிருந்தது, எதிர்க்கட்டிடம்கூடத் தெரியவில்லை. காலையிலிருந்து நான் பார்த்ததெல்லாம் அந்த நாட்டு வானத்தைத்தான். அழுகை வந்தது. ஹெட்செட்டைக் கழற்றி மேசையில் வைத்தேன், உடனே எடுத்து மாட்டிக்கொண்டேன்.

மழை கொஞ்சம் தணிந்த நேரம், தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தது.

"தங்கச்சி, நான்தான்."

"எங்கண்ணே போனீங்க? ஏன் எடுக்கல?" அலுவலகம் முழுவதும் திரும்பிப் பார்க்கும்படி கத்தியிருக்கிறேன்.

"முன்னுக்கு நிக்கிற லொறியில ஒரு பஞ்சாபிக்காரன். அவன்ர வண்டிக்குள்ள இருக்கிறன், இது அவன்ர ஃபோன். ரெண்டு எஞ்சினும் ஏன் ஓடவேணும் எண்டு கூப்பிட்டவன். ரொட்டியும் தந்தவன். குழாயை மாறி மாறித் துப்புரவாக்கிறம்."

"உங்க ஃபோன் என்னாச்சு?"

"நீங்கள் இன்னும் ஏதும் கெட்ட செய்தி சொல்லுவியள் எண்டு பயந்து, என்ர லொறியிலயே விட்டிட்டு வந்தனான்."

சிரிப்பதா திட்டுவதா என்று தெரியவில்லை. மேலாளர் எனக்கு ஒரு பிளேன்டீ கொண்டுவந்து வைத்தார்.

கம்பளைப் பிள்ளை நனைந்தபடி வந்து சேர்ந்த பிறகுதான் எழும்பினேன். கால்கள் மரத்திருந்தன. வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டுப் படுத்தபோது அவளிடமிருந்து செய்தி வந்தது. கணவாய் திறந்துவிட்டது, நான் சொன்னதைவிடத் தாமதமாக, வெயில் ஏறிய பிறகு. அண்ணன் பத்திரமாக மலை இறங்கிவிட்டார்.

அடுத்த வாரம் அவர் மாற்றம் கேட்டு வாங்கிக்கொண்டு சமவெளிப் பாதைக்குப் போனார். "எங்கட ஊரில மலையே இல்லை தங்கச்சி, எனக்கு ஏன் இந்த வில்லங்கம்," என்றார் கடைசியாக. எனக்கு மாறிப்போக வேறு மேசை கிடைக்கவில்லை. சித்திரை பிறந்தும் அந்தக் கணவாயில் பனி பெய்தது. அவருடைய பாதைக்கு வந்த புதுச் சாரதி ஒரு காலையில் அழைத்து, மேலே ஏறலாமா என்று கேட்டான். இரண்டு கணிப்புகளையும் திரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு, கொஞ்சம் பொறுக்கச் சொன்னேன்.