சாமியாரை நிறுத்தி வைத்த சிலுவைமுத்து

சிலுவைமுத்து பஹ்ரைனில் இருபத்திரண்டு வருடம் மீன் பிடித்தார். ஊர்த் திருவிழாவைப் போனில் நேரலையாகப் பார்த்துப் பார்த்தே கண் பூத்துப்போன மனுஷன். இப்போது முட்டத்துப் பக்கம் சொந்த ஊருக்கே வந்து சேர்ந்தாயிற்று. வீட்டு நடையிலிருந்து ஐம்பது எட்டு வைத்தால் கோயில். அப்படிப்பட்டவர் திருவிழாவை டிவியில் இணைத்துப் பெரிதாகப் பார்க்க வேண்டுமென்று நாகர்கோவில் போய்ப் புது லேப்டாப் வாங்கி வந்தால் யார்தான் சிரிக்க மாட்டார்கள்?

மனைவி செசிலி சிரிக்கவில்லை. அவளுக்கு வேறு கவலை. ஏழாம் நாள் திருவிழா அவர்கள் அன்பியத்தின், அதாவது தெருக் குடும்பங்களின் குழுவின், பொறுப்பு. அன்றைய பூசையில் பிரசங்கம் முடிந்து சற்று நேரத்தில், புருஷனும் பெண்டாட்டியும் ஜோடி ஜோடியாகக் காணிக்கை கொண்டு போவார்கள். செசிலி மட்டும் இத்தனை வருடமும் பழத்தட்டோடு கடைசியில் தனியாக நடந்தாள். இந்தத் தடவை தெரு முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள், அவர் கூட வருவாரென்று.

"இஞ்சேருங்க, நாளைக்கு எனக்க கூட நடப்பிய இல்லியா?"

"பின்ன நான் எதுக்குட்டி ஊருக்கு வந்தேன்?" என்றார் டிவிக்குப் பின்னால் தலையை நுழைத்தபடி. லேப்டாப் கேபிளை ஒரு துளையில் செருகிவிட்டு டிவியை வேறு துளைக்குத் திருப்பி வைத்திருந்தார். 'சிக்னல் இல்லை' என்று அது இரண்டு நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தது. அன்று ராத்திரிதான் படம் வந்தது. "பாத்தியா? கோயிலே வீட்டுக்குள்ள வந்தாச்சு!"

மறுநாள் மாலை வெள்ளை வேட்டியில் கோயிலுக்குப் போனார். சாமியார் பிரசங்கம் தொடங்கியதும் ஆண்கள் மெல்ல வெளியே நழுவி நிற்பது இந்தக் கரையில் உள்ள வழக்கம். சிலுவைமுத்து ஒரு படி மேலே போய் வீட்டுக்கே நழுவினார். ஒரு எட்டு பார்த்துவிட்டுத் திரும்பிவிடலாம் என்பது கணக்கு.

அடேயப்பா, படமென்றால் படம்! சாமியாரின் மூக்குக் கண்ணாடியில் விளக்கு மின்னுவதுகூடத் தெரிந்தது. வெளியே ஒலிபெருக்கிதான் இடைஞ்சல், அது டிவியைவிட ஒரு வாக்கியம் முந்திக்கொண்டே இருந்தது. "மைக் செட்டுக்காரனுக்க எரைச்சல்" என்று முனகிக் கதவையும் சன்னலையும் அடைத்து, டிவி சத்தத்தைக் கூட்டினார்.

அப்புறம் ஒரு கட்டன் சாயா குடிக்கத் தோன்றியது. லேப்டாப்பில் ஒரு தட்டு தட்டினார். சாமியார் வாயைத் திறந்தபடி அப்படியே நின்றார். பிரசங்கத்தை நிறுத்த அந்த ஊரில் பிஷப்பாலும் முடிந்ததில்லை! சிலுவைமுத்து அடுப்பைப் பற்றவைத்தார், சாயா குடித்தார், பஹ்ரைனில் இருந்த கூட்டாளி ராஜையனைப் போனில் கூப்பிட்டுக் கால் மணி நேரம் பெருமை பேசினார். திரும்ப ஒரு தட்டு. சாமியார் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். பாவம் சிலுவைமுத்து, பூசையும் அங்கே தனக்காகக் காத்து நிற்பதாகவே நினைத்துவிட்டார்.

டிவியில் பிரசங்கம் முடிந்தது. வேட்டியைச் சரிசெய்து, தலையைச் சீவி, அவசரமில்லாமல் நடந்தார். கோயிலில் நற்கருணைக்கு வரிசை நின்றது. காணிக்கை எல்லாம் முடிந்து வெகுநேரம் ஆகியிருந்தது. செசிலி வெறுங்கையோடு வரிசையில் நின்றாள். அவரைப் பார்த்தாள், வரிசையோடு முன்னால் நகர்ந்தாள். பக்கத்தில் போய் நிற்க அவருக்குத் துணிச்சல் வரவில்லை. வந்த வழியே வீட்டுக்குத் திரும்பினார்.

வீட்டில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. அங்கே காணிக்கைப் பவனி அப்போதுதான் கிளம்பியது. ஜோடி ஜோடியாகப் போனார்கள். கடைசியில் செசிலி, பழத்தட்டோடு, தனியாக. இரண்டு தடவை வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தாள். போனில் எறும்பாகவே தெரிந்த முகம், இப்போது கண் கலங்கியிருப்பதுவரை தெளிவாகத் தெரிந்தது. "இன்னா வந்திட்டேன்ட்டி" என்று வாய்விட்டே சொல்லிவிட்டார். சொன்ன பிறகு வெட்கத்தில் உடம்பே கூசியது. இத்தனை வருடமும் அவள் இப்படித்தான் நடந்தாளா?

பூசை முடிந்து செசிலி வந்தாள். செருப்பைக் கழற்றினாள். டிவியைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள்.

"நான் அதுல நல்லாத் தெரிஞ்சனா?" என்று கேட்டாள்.