சூடத்தை அடித்த கை

றொசல்ல ஸ்டேஷனுக்குக் கீழே மண் சரிந்து மூன்று நாள் ரயில் ஓடாமல் கிடந்ததே, அந்த மழை விட்டு வெயில் வந்த மாதத்தில்தான் இது நடந்தது. வருஷக் கணக்கு என் தலையில் நிற்காது, மழையை வைத்துத்தான் சொல்ல வரும். அந்த மழையில் வட்டவளையில் என் வீட்டுக் கூரைத் தகரம் ஒன்று பறந்துபோய் கொய்யா மரத்தில் மாட்டிக்கொண்டது. அதை இறக்க ஏறினேன், விழுந்தேன். முப்பது வருஷம் குஸ்தி மேடையில் விழுந்தும் கெடாத முழங்கால் கொய்யா மரத்தில் கெட்டது. பார்க்க வந்தவர்கள் எல்லாரும் சிரித்துவிட்டுத்தான் போனார்கள்.

காலைப் பற்றிச் சொல்ல நான் உட்காரவில்லை. மஸ்கெலியாப் பக்கம் ஒரு தோட்டத்தில் ஒரு பெண்பிள்ளை இருக்கிறாள். மூன்றரை வயது ஆகிறது. இன்னும் ஒரு சொல் பேசவில்லை. காதைக் காட்டுங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருக்கிறார்கள். வீட்டில் காட்டவில்லை. அப்பன் பொய்ச் சத்தியம் பண்ணிச் சூடத்தை அடித்தான், அதனால் மாரியாத்தா பிள்ளையின் வாயைக் கட்டிவிட்டாள் என்று அவர்கள் குடியிருக்கிற லயத்து வீட்டு வரிசை முழுக்கப் பேச்சு. அந்தச் சூடத்தை யார் அடித்தது என்று எனக்குத் தெரியும். அதைச் சொல்வதற்கு முன்னால் என் தொழிலைச் சொல்ல வேண்டும்.

நான் சண்டைக்காரனாக இருந்து, பிறகு சண்டை வைக்கிறவனாக ஆனவன். திருவிழாவுக்கும் பௌர்ணமிப் போயா லீவுக்கும் தோட்டத்து மைதானங்களில் மேடை போடுவேன். நான்கு மூலைக்கு யூக்கலிப்டஸ் கம்பு, சுற்றிலும் லொறி கட்டுகிற கயிறு, தரைக்குப் பலகை, பலகைக்கு மேல் தேங்காய்த் தும்பு அடைத்த சாக்கு, அதற்கு மேல் லொறி மூடுகிற படங்கு. பலகைக்குக் கீழே வெறுமையாக விட வேண்டும். அப்போதுதான் ஆள் விழும்போது மலையில் வேட்டுப் போட்ட மாதிரிச் சத்தம் வரும். சத்தம் வந்தால் பாதி வேலை முடிந்தது.

ஒவ்வொரு சண்டைக்கும் ஒரு நல்லவன், ஒரு கெட்டவன். யார் ஜெயிக்க வேண்டும் என்று நாங்கள் லொறியிலேயே பேசி வைத்துக்கொள்வோம். இதை வெளியாருக்கு நான் இப்போதுதான் முதல் தடவையாகச் சொல்கிறேன். அந்த நாளில் என் நல்லவன் அந்தப் பெண்பிள்ளையின் அப்பன்தான், மஸ்கெலியாத் தோட்டத்துப் பையன். தேயிலை பெக்டரியில் கொழுந்து வாட்டுகிற மாடியில் வேலை. நல்ல உயரம், குழந்தை முகம். கெட்டவன் நாவலப்பிட்டிப் பக்கத்துச் சிங்களப் பையன், த்ரீவீல் மெக்கானிக். நாவலப்பிட்டியில் மேடை போட்டால் இவன் நல்லவன், அவன் கெட்டவன். மேலே ஏறி வந்தால் மாற்றிப் போடுவேன். இரண்டு பேரும் ஒரே சோற்றுப் பார்சலைப் பிரித்துச் சாப்பிடுகிறவர்கள்.

இந்தத் தொழிலில் ஒரு சிக்கல் உண்டு. மேடையில் "ஐயோ" என்பதும் நடிப்பு, "விடு, செத்தேன்" என்பதும் நடிப்பு. அப்படியானால் உண்மையிலேயே அடிபட்டவன் எதைச் சொல்லுவான்? என் வாலிபத்தில் ஒருத்தனின் விலா எலும்பு முறிந்து அவன் கத்தினான். நன்றாக நடிக்கிறான் என்று நினைத்து நான் மேலும் அழுத்தினேன். அவன் அதற்குப் பிறகு கூடை தூக்கவில்லை. அந்தக் குற்றம் எனக்குள் கிடந்தது. மேடை என் கைக்கு வந்ததும் ஒரு சொல் வைத்தேன். அந்தச் சொல் காதில் விழுந்தால் உடனே பிடியை விட வேண்டும், ஏன் என்று கேட்கக் கூடாது. சண்டைக்குள் யார் வாயிலும் தவறியும் வராத சொல்லாக இருக்க வேண்டும் என்று யோசித்து யோசித்து, "பெரட்டு" என்று வைத்தேன். விடியக் காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டு. உருண்டு புரண்டு சண்டை போடுகிறவனுக்குப் பெரட்டு ஞாபகம் வருமா?

வராது. சண்டை போடுகிறவனைப் பற்றி மட்டும் யோசித்தேன். மைக் பிடிக்கிறவனைப் பற்றி யோசிக்கவில்லை.

அன்று போயா நாள். பகல் இரண்டு மணி இருக்கும். மாரியம்மன் கோயிலுக்குப் பக்கத்து மைதானம், கோயில் ஒலிபெருக்கிதான் எங்களுக்கும். நல்லவனின் பெண்சாதி முன்வரிசையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். ஏழாவது மாதம். அதற்கு முன்னால் இரண்டு பிள்ளை தங்கவில்லை, இதையாவது தா என்று ஆத்தாவுக்கு நேர்ந்து மஞ்சள் கயிறு கட்டியிருந்தாள். சண்டை பேசி வைத்தது என்று அவளுக்குத் தெரியும். வீட்டில் மெத்தையை விரித்து அவன் விழுந்து பழகுவதை அவள்தானே பார்க்கிறாள்.

சண்டை நன்றாகப் போனது. கெட்டவன் காதைக் கடித்தான், கண்ணில் மண் போட்டான். கிழவிகள் எழுந்து நின்று சாபம் விட்டார்கள். கடைசியில் நல்லவன் அவனைக் குப்புறப் போட்டு முதுகில் ஏறி உட்கார்ந்து நாடியைப் பிடித்து மேலே இழுத்தான். இன்னும் பத்து எண்ணினால் முடிந்தது. அந்த நேரம் பார்த்துத் தோட்டத்துக் கணக்கப்பிள்ளை வந்து மைக்கை வாங்கினார். கூட்டம் கலைந்தால் சொல்ல முடியாது என்று அவருக்கு அவசரம்.

"எல்லாரும் கேட்டுக்கிருங்க! நாளைக்கு ஆறு மணிக்கெல்லாம் பெரட்டு! லேட்டா வந்தா வேலை கெடையாது! பெரட்டு ஆறு மணிக்கு!"

நல்லவன் நெருப்பைத் தொட்ட மாதிரிக் கையை எடுத்தான். மண்டி போட்டுக் குனிந்து, "மல்லி, எங்க அடிபட்டுச்சு?" என்றான். சிங்களத்தில் மல்லி என்றால் தம்பி. கெட்டவனுக்கும் அந்தச் சொல் காதில் விழுந்திருந்தது. அடிபட்டது நல்லவனுக்குத்தான் என்று அவன் நினைத்து, துள்ளி எழுந்து அவன் தோளைப் பிடித்துக்கொண்டு, "அண்ணே, மொகத உனே? என்ன ஆச்சு?" என்று முதுகைத் தடவ ஆரம்பித்தான். ஐந்து நிமிஷத்துக்கு முன்னால் காதைக் கடித்தவன்.

மைதானம் அப்படியே நின்றது. பிறகு கொழுந்துக்காரி ஒருத்தி கத்தினாள்.

"என்னா மாப்ள, அப்புடியே ஒரு முத்தத்தயும் குடுத்துரு!"

சிரிப்பு எழுந்தது. அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. சிரித்துக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருத்தராக நிறுத்தி யோசிப்பது தெரிந்தது. ஒரு கிழவர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு மேடைக்கு ஏறினார். போன வருஷம் பேச்சுப்படி நல்லவன் தோற்ற சண்டைக்கு அழுதவர் அவர்.

"டேய், இந்தத் தடவ நீ செயிக்கணும்னு ஆத்தாவுக்கு மொட்ட போட்டேனேடா! இங்க பாரு, தலையப் பாரு! அம்புட்டும் கூத்தாடா?"

அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை. பின்னாலிருந்து ஒரு கல் வந்து பலகையில் விழுந்தது. மேடைக்குக் கீழே எத்தனை வெறுமை என்று அந்தச் சத்தத்திலேயே எல்லாருக்கும் தெரிந்திருக்கும். பத்துப் பேர் போய் எங்கள் லொறிக்கு முன்னால் நின்றார்கள்.

தோட்டத் தலைவர் கையை உயர்த்தினார். நிதானமான மனிதர். நிதானமான மனிதரைக் கண்டுதான் எனக்குப் பயம்.

"கல்லு எறிய வேணாம். கோயில் இருக்கு. ஆத்தா முன்னால சூடத்த அடிச்சு, இது நெச சண்டதான்னு சொல்லட்டும். சொல்லிட்டா நாங்க மன்னிப்புக் கேட்டுக்கிறோம். சொல்லாட்டி ஒங்க லொறி இங்கேருந்து போகாது, மாஸ்டர்."

"யாரு அடிக்கிறது தலைவரே?" என்றேன்.

"நம்ம தோட்டத்துப் புள்ளதான். அவன் ஆத்தாகிட்டப் பொய் சொல்ல மாட்டான்."

எங்கள் பக்கத்தில் வழக்கு என்று வந்தால் கடைசி இடம் அதுதான். தட்டில் எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்துச் சொல்லிவிட்டால் பேச்சு முடிந்தது. பொய்யென்றால் அது அவனை விட்டுவிட்டு அவன் பிள்ளை மேல் விழும் என்பார்கள்.

பூசாரி தட்டைக் கொண்டுவந்தார். கெட்டவன் என் காதுக்குள், "மாமே, நான் அடிக்கிறேன். எனக்குப் பயம் இல்லை" என்றான்.

"ஒன்ன எவன்டா நம்புவான்? நீ கெட்டவன்" என்றேன். அந்த நேரத்திலும் அவனுக்குச் சிரிப்பு வந்தது.

நல்லவனுக்கு வரவில்லை. வேர்வை வழிய நின்றான். "மாஸ்டர், அவ பாத்துக்கிட்டு இருக்கா" என்றான். திரும்பிப் பார்த்தேன். அவள் நாற்காலியை விட்டு எழுந்திருந்தாள். ஒரு கை வயிற்றில், ஒரு கை மஞ்சள் கயிற்றில். வேண்டாம் என்று அவள் வாய் திறந்து சொன்னால் அதுவே குட்டை உடைத்துவிடும். அதனால் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

உண்மையைச் சொல்லியிருக்கலாம்தானே என்று கேட்பீர்கள். நானும் கேட்டிருக்கிறேன். அந்த மொட்டைத் தலையைப் பார்த்துக்கொண்டு எனக்குச் சொல்ல வரவில்லை. பயம் ஒரு பக்கம், வெட்கம் ஒரு பக்கம். வெட்கம்தான் கூட. பூசாரி சூடத்தைக் கொளுத்தினார். மலையிலிருந்து பனி இறங்கிக்கொண்டிருந்தது, அதற்குள் அந்தச் சுடர் மட்டும் நெட்டுக்கு நின்றது.

என் பெண்சாதி போய்ச் சேர்ந்து வெகு நாளாகிறது. பிள்ளை குட்டி இல்லை. அந்தக் குறையை வைத்து எத்தனையோ பேர் என்னைப் பேசியிருக்கிறார்கள். பொய்ச் சத்தியம் வந்து விழ எனக்குக் கீழே ஆள் இல்லை என்பது அந்த நிமிஷத்தில்தான் உறைத்தது.

"கைய நீட்டு, அடிக்காத" என்று அவனிடம் சொன்னேன். அவன் குனிந்து கையை நீட்டினான். அவன் கை போவதற்குள் அதற்கு மேலாக என் கையைக் கொண்டுபோய் அடித்தேன். சூடம் அணைந்தது. தோல் ஒட்டிக்கொண்டது.

"ஆத்தா சத்தியமா இது நெச சண்டதான்" என்றேன். என் குரல்தான்.

தலைவர் என்னைப் பார்த்தார். "நீங்க ஏன் அடிச்சீங்க?"

"மேடை என்னோடது. ஆளுங்க என்னோட ஆளுங்க. சத்தியமும் என்னோடதுதான்."

என் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். பிறகு, "சரி, ஆத்தாவுக்குத் தெரியும்" என்று ஒதுங்கினார். முன்னால் நின்ற ஏழெட்டுப் பேருக்கு இது தெரியும். பின்னால் நின்றவர்கள் பார்த்தது வேறு: நல்லவன் குனிந்தான், கை போனது, சூடம் அணைந்தது. அவ்வளவுதான்.

மீதிச் சண்டையை முடித்தாக வேண்டும். இரண்டு பேரும் ஏறினார்கள். முதல் அடி விழுந்தது. அந்தச் சத்தம் பலகைச் சத்தம் அல்ல, எலும்புச் சத்தம். இரண்டாவது அடியில் கெட்டவன் வாயிலிருந்து பல் ஒன்று தெறித்தது. அவனும் திருப்பி அப்படியே கொடுத்தான். என்ன செய்கிறார்கள் என்று கொஞ்சம் கழித்துத்தான் புரிந்தது. நான் சொன்ன பொய்யை உண்மையாக்கப் பார்க்கிறார்கள். பெரட்டு என்று சொல்லி நிறுத்தவும் இனி வழியில்லை, மறுபடி குட்டு உடையும். கயிற்றைப் பிடித்துக்கொண்டு நான் எண்ணிய நேரம் என் ஆயுசிலேயே நீளமான நேரம். கடைசியில் நல்லவன் ஜெயித்தான். மொட்டைக் கிழவர் அவனைக் கட்டிக்கொண்டு அழுதார். கெட்டவன் லொறியில் ஏறி, இரத்தத்தைத் துப்பிவிட்டுக் கேட்டான்.

"மாமே, இப்போ அது பொய் இல்லைதானே?"

வாயைத் துடைக்கத் துண்டைக் கொடுத்தேன். அதற்குப் பதில் இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

பிள்ளை நல்லபடியாகப் பிறந்தது. மூன்று வயதாகியும் பேச்சு வரவில்லை என்றதும் பின்வரிசை ஆட்கள் தாங்கள் கண்டதைப் பேச ஆரம்பித்தார்கள். அப்பனுக்கே இப்போது குழப்பம். "நானும் கைய நீட்டுனேனே மாஸ்டர்" என்கிறான். அவன் மேடைக்கு வருவதை விட்டுவிட்டான். பரிகாரம் முடியட்டும், அதற்குப் பிறகு டாக்டரைப் பார்ப்போம் என்று வீட்டில் நாளைத் தள்ளுகிறார்கள். கெட்டவன் ஒரு நாள் அங்கே போயிருந்தான். பிள்ளைக்குப் பின்னால் நின்று அவன் தகர வாளியைத் தட்டியிருக்கிறான். அவள் திரும்பவில்லையாம். "மாமே, அது சாபம் இல்லை, காது" என்றான்.

நானும் பஸ் ஏறிப் போனேன். லயத்து வாசலில் நின்று, அடித்தது நான் என்று சொன்னேன். "மாஸ்டர் அவனக் காப்பாத்தப் பாக்குறாரு" என்று தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிட்டார்கள். தலைவர் மகனோடு கொழும்புக்குப் போய்விட்டார். பூசாரி இறந்துவிட்டார். முன்னால் நின்ற மற்றவர்களும் வேலை தேடி ஒவ்வொரு பக்கமாகப் போய்விட்டார்கள். சண்டை பேசி வைத்தது என்று நானே இங்கே சொல்லிவிட்ட பிறகு இனி எந்தத் தோட்டமும் எனக்கு மைதானம் தராது. தராவிட்டால் போகட்டும், படங்கைச் சுருட்டி வைத்துவிட்டேன்.

ஹட்டனில் மஸ்கெலியா பஸ் ஏறுகிறவர்கள் யாராவது இதைப் படித்தால் ஒரு உதவி செய்யுங்கள். கோயிலுக்குப் பக்கத்தில் மைதானம் உள்ள தோட்டம், கொழுந்து வாட்டுகிற மாடியில் உயரமான ஆள் என்று கேட்டால் காட்டுவார்கள். நான் சொன்னால் நம்பாதவர்கள் மூன்றாவது ஆள் சொன்னால் நம்பக்கூடும். சூடத்தை அடித்தது வட்டவளைக் கிழவன், உள்ளங்கையில் இன்னும் தழும்பு இருக்கிறது, வந்து பார்க்கலாம் என்று சொல்லுங்கள். அந்தப் பொய்ச் சத்தியம் அந்தப் பிள்ளை மேல் விழாது, அதற்கு அவள் வீட்டு வழி தெரியாது. பிள்ளையின் காதைக் காட்டச் சொல்லுங்கள்.