எட்டு வளையங்கள்

மாடித் தோட்டத்தில் காக்கையை விரட்ட அப்பா கட்டித் தொங்கவிட்டிருந்த சிடியில், மார்க்கரால் எழுதிய என் பெயர் வெளுத்துப்போய்த் தெரிந்தவுடன், சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருந்த பாட்டு ரெக்கார்டிங் கடையின் புதுப் பிளாஸ்டிக் வாசமும், பாட்டு ஏறும்போது கம்ப்யூட்டர் போடும் உறுமலும், உடம்பு சிலிர்க்கும் அந்த ஏசிக் குளிரும் அப்படியே திரும்பி வந்தன. ஊரிலேயே அதைவிடக் குளிர்ந்த இடம் கிடையாது, இன்றைக்கும் அடித்துச் சொல்வேன். துபாயிலிருந்து லீவில் வந்திருந்த அப்பா சனிக்கிழமைதோறும் என்னை அங்கே கூட்டிப்போவார். இந்த ஒரே சிடியில் வாரத்துக்கு ஒரு பாட்டு ஏற்றுவோம்.

"இப்படித் தனித்தனியா ஏத்துனா, ஒவ்வொரு தடவையும் நாலு பாட்டுக்கான இடம் வீணாப் போகுது அண்ணாச்சி. வேணுங்கிற பாட்டையெல்லாம் மொத்தமா லிஸ்ட் எழுதிக் கொண்டாங்க," என்று கடைக்காரர் சலிக்காமல் சொல்வார். சிடியைத் திருப்பி, வாரத்துக்கு ஒன்றாக விழுந்திருந்த மெல்லிய வளையங்களை வெளிச்சத்தில் காட்டுவார்.

"இருக்கட்டும். அடுத்த வாரம் வாரோம்," என்பார் அப்பா. அவருக்கு விஷயம் விளங்கவில்லை என்றுதான் நான் நெடுநாள் நினைத்திருந்தேன்.

அந்த இடத்தில் இப்போது செல்போன் கடை இருக்கிறது. ஏற்றிய பாட்டுகளில் ஒன்றுகூட நினைவில்லை. சிடியை அவிழ்த்து, வெயிலில் சாய்த்து, வளையங்களை எண்ண ஆரம்பித்தேன்.

"எட்டு இருக்கும் மக்கா," என்றார் அப்பா, திரும்பிப் பார்க்காமல், செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே. "அந்த லீவுல எட்டு சனிக்கிழமைதான் வந்துச்சு."