நவூருவும் சான் மரீனோவும்

அந்தமானின் லாங் ஐலண்டில் வனத்துறைக் குடியிருப்பின் சுவரில் அத்தான் ஒட்டியிருந்த உலகப்படத்தில் இரண்டு இடங்களில் மட்டும் பென்சில் வட்டம் இருக்கும். பசிபிக் நடுவே நவூரு. இத்தாலிக்குள் சான் மரீனோ. அக்காவும் அவரும் ஆளுக்கொரு குட்டி நாட்டை எடுத்துக்கொண்டு மாலை முழுக்கச் சண்டை போடுவார்கள். நவூரு அத்தானுடையது. சுற்றிலும் கடல், எந்தப் பக்கத்து வீட்டுக்காரனும் வேலியைத் தள்ளிப் போட முடியாது என்பார். சான் மரீனோவுக்கு எல்லாப் பக்கமும் இத்தாலி. "எனக்கு உடம்பு முடியலேன்னா ரோட்டுல இறங்கினாப் போதும், பெரிய ஆஸ்பத்திரி. உங்க நவூருல பிளேன் வர்ற வரைக்கும் மீன்கிட்டயா வைத்தியம் பாக்குறது?" என்பாள் அக்கா. "மீன் ஃபீஸ் கேக்காதுடி" என்பார் அவர்.

தலைப்பிரசவத்துக்கு அவள் போர்ட் பிளேரில், டெய்ரி ஃபார்ம் பகுதியில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வரவேண்டும். ஒன்பதாம் மாதம் வளைகாப்பு முடித்துத்தான் அனுப்புவது வழக்கம். மெயின்லேண்டிலிருந்து அத்தானின் அம்மா காலண்டர் பார்த்து நாள் குறித்தார். அதற்கு முந்தைய படகிலேயே அவள் கிளம்பியிருக்கலாம்; புயல் எச்சரிக்கை அதற்குள் வந்திருந்தது. "வளையல் போடாம எப்படி அனுப்புறது, ரெண்டு நாள்தானே" என்றார் அத்தான். அக்காவும் மறுக்கவில்லை. வளையல் போட்ட மறுநாள் படகுத்துறை ஜெட்டியில் "போட் பந்த்", படகு ஓடாது என்று சொல்லிவிட்டார்கள். காற்றில் ஹெலிகாப்டரும் எழும்பவில்லை. அன்றே வலி கண்டது. தீவின் சிறிய மருத்துவமனையில் செவிலியர் தன்னால் முடிந்ததையெல்லாம் செய்தார். அக்கா பிழைத்தாள். பெண் குழந்தை அழவே இல்லை.

கடல் தணிந்ததும் முதல் படகில் அக்கா எங்கள் வீட்டுக்கு வந்தாள். திரும்பிப் போகவில்லை; இப்போது வீட்டில் அவளும் நானும் மட்டும்தான். அத்தானும் மாற்றல் கேட்கவில்லை. குழந்தையைப் புதைத்த இடம் அவர் குடியிருப்புக்குப் பின்னால்தான். அவரை அவள் திட்டி நான் கேட்டதில்லை. திட்டியிருந்தால் பேச்சாவது இருந்திருக்கும்.

இருவருக்கும் நடுவே சேதி சொல்வது நான்தான். போன மாதம் அத்தான் போன் செய்தார். "நாளைக்கு போட் இருக்கு மச்சான். நான் வந்தா உள்ள விடுவாளான்னு கேளு."

அக்கா துணி மடித்துக்கொண்டிருந்தாள். "கடல் எப்படி இருக்குன்னு முதல்ல பாக்கச் சொல்லு" என்றாள்.

கூட்டாமல் குறைக்காமல் அப்படியே சொன்னேன். பத்திரிகையில் வேலை பார்ப்பவன், அது தொழில் பழக்கம். "சரி" என்றார் அத்தான்.

மறுநாள் கடலில் அலையே இல்லை. படகு நேரத்துக்கு வந்து சேர்ந்தது. கடைசி ஆள் இறங்கும்வரை ஜெட்டியில் நின்றுவிட்டுத் தனியாக வீடு திரும்பினேன். அக்கா மூன்று பேருக்குச் சமைத்து வைத்திருந்தாள்.