தண்ணீர் லாரிப் படத்தில் என் துண்டு

பொழிச்சலூரில் எங்கள் தெருவுக்குத் தண்ணீர் லாரி வந்தபோது, தாம்பரம் பக்கமிருக்கும் பல்கலைக்கழகத்துப் பிள்ளைகள் படம் எடுத்தார்கள். அவர்களுடைய அருங்காட்சியகத்தில், எங்கள் தெருவையே கண்காட்சியாக வைக்கப் போவதாகச் சொன்னார்கள். எனக்கு வேண்டாமென்று சொல்ல வாய் வரவில்லை.

கண்காட்சி அன்று தெருவே வேன் பிடித்து வருவதாக ஏற்பாடு. நான் எக்ஸ்போர்ட் கம்பெனியில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு அப்படியே போனதால், முன்னதாகப் போய்ச் சேர்ந்தேன். காலையிலிருந்து நின்று துணி மடித்த கால்கள் கடுத்தன. உள்ளே நுழைந்ததும் எதிர்ச்சுவரில் நான். ஆளுயரத்துக்கு. நைட்டியில், மேலே துண்டு இல்லாமல், லாரிக் குழாயைப் பிடித்துக்கொண்டு.

துண்டு போடாமல் நான் பால் வாங்கக்கூடப் போனதில்லை. இதைத் தெரு ஆண்கள் எல்லாம் பார்க்கப் போகிறார்கள்.

படத்தை மறைத்தபடி நின்றேன். வேலையாள் என்று நினைத்து ஒருவர் கழிவறை எங்கே என்று கேட்டார். தெரியாமலே கையைக் காட்டினேன்.

கடைசியில், படம் எடுத்த மாணவியிடம், "இதை எடுத்துடறியாம்மா? மேல துண்டு இல்ல" என்றேன்.

"ஐயோ அக்கா, இதுதான் எல்லாருக்கும் பிடிச்சிருக்கு. அவ்ளோ நேச்சுரலா இருக்கு." என் முகத்தைப் பார்த்துவிட்டு, "சரிக்கா, ஏணி எடுத்துட்டு வரேன்" என்று போனாள்.

ஏணி வருவதற்குள் வேன் வந்துவிட்டது. பட்டுப்புடவையும் பூவுமாக முதலில் நுழைந்த எதிர்வீட்டு அக்கா, என்னைத் தள்ளிவிட்டுப் படத்தை உற்றுப் பார்த்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"இன்னாடி இது, என் குடம் கீது! அதும்மேல உன் துண்டு!"

அப்போதுதான் நானும் கவனித்தேன். படத்தின் ஓரத்தில், வரிசையில் இருந்த பச்சைக் குடத்தின்மேல் என் கட்டம் போட்ட துண்டு. படம் எடுத்த அன்று அக்கா மருமகளோடு ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தாள். அவள் குடத்தை நான்தான் வரிசையில் வைத்தேன். யாரும் நகர்த்தாமலிருக்கத் துண்டை எடுத்து அதன்மேல் போட்டது மறந்தே போயிருந்தது.

அக்கா எல்லோரையும் இழுத்து வந்து காட்டினாள். கூடவே அவள் வீட்டுக்காரரிடம், "உன்னாண்ட சொல்லியிருந்தா குடம் வூட்லயே தூங்கிகினு இருந்திருக்கும்!" என்றாள். அவரே முதலில் சிரித்தார்.

மாணவி ஏணியோடு வந்தாள். "எடுத்துடவாக்கா?"

"எத்த எடுக்கப் போற? என் குடம் கீதும்மா அதுல!" என்றாள் அக்கா.

மறுபடி கேட்க எனக்குத் தெம்பில்லை. "இருக்கட்டும்மா" என்றேன். காவலாளியின் நாற்காலி காலியாக இருந்தது. உட்கார்ந்து செருப்பைக் கழற்றினேன். மறுநாள் லாரி வரும். இனி இரண்டு துண்டு எடுத்துப் போக வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.